தையல் டீச்சரின் முடிவு

அறுபதுகளில் செஞ்சிப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த தையல் டீச்சருக்குப் பெரிய மார்பு. எதிரே ஆள் வந்தால் வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். தட்டையான எனக்கு அவரைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஒருநாள் ஓய்வறையில் ரவிக்கையைத் தளர்த்தினார். உள்பாடியின் பட்டி அழுந்தி இரண்டு தோளும் புண்ணாகியிருந்தன.

"இறுக்கிக் கட்டியும் பாத்துட்டேன், பட்டினியும் கெடந்துட்டேன். மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணிக் கொறைக்கலாமாம். தழும்பு இருக்குமாம். இருந்துட்டுப் போவுது," என்றார்.

"வீட்டுக்காரரு இன்னா சொல்றாரு, டீச்சர்?" என்று கேட்டேன்.

"முதுகுவலி எனக்குத்தானே?"

கோடை விடுமுறையில் போய்ச் செய்துகொண்டார். அடுத்த தை மாதம் பிள்ளைகளோடு ராஜகிரிக் கோட்டையின் உச்சிவரை ஏறினார். பாதியில் உட்கார்ந்துவிட்ட நான் அண்ணாந்து பார்த்தேன். பொறாமை மட்டும் தீரவில்லை. வீட்டில் கேட்காமல் நான் ஒரு புடவைகூட எடுத்ததில்லை.