நசுங்காத எலுமிச்சம்பழம்

நான் ஓட்டிய டீசல் ரயில் எஞ்சினைப் புதுப்பித்து அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம், வரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு படி என்றாலே முழங்கால் முரண்டு பிடிக்கிறது. போனேன்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் வந்து பெயின்ட் அடித்திருந்தார்கள். சேலத்துக்கும் கரூருக்கும் சரக்கு இழுத்த காலத்தில் அது ஒருநாளும் இப்படிப் பளபளத்ததில்லை. என்னை மேலே ஏற்றி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்கள்.

புது லாரிக்குச் செய்கிற பழக்கத்தில், பெயின்டர் சூடம் சுற்றி, முன்சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்களைச் செருகிவிட்டுக் கையசைத்தார்.

"வண்டிய எடுங்க சாமி!"

எஞ்சினுக்குள் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சக்கரங்களைத் தண்டவாளத்தோடு பற்றவைத்திருந்தார்கள். அது தெரிந்தும் என் கை பிரேக்கை விடுவித்தது.

"ஏனுங்க, நகராதுங்களா?"

"நகராதுங்க."

பெயின்டருக்கு முகம் சுண்டிப்போனது. பழம் நசுங்கினால்தானே திருஷ்டி கழியும்? வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வெயிலில் நின்றுகொண்டே இருந்தது, ஒருவரும் கலையவில்லை. எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதுமென்றிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பழங்களை வெளியே இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருப்புக் காலால் மிதித்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள், எஞ்சினைப் பார்த்து.