புல் பதித்தவர்

டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் நாங்கள் கட்டிய புது வீட்டின் முன்சரிவில் புல் பதிக்க, மண்ணோடு பெயர்த்த புல் பத்தைகளை வேனில் ஏற்றிக்கொண்டு புரோத்ராபூரிலிருந்து வந்தார் அவர். மெலிந்த ஆள், முழங்கால்வரை சேறு. ஒரு பத்தையைப் பதித்ததும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒற்றைக்கண்ணால் மட்டம் பார்ப்பார்.

"உங்க வீட்லயும் லான் உண்டா?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்லயா? புல்லை வெட்டி வெட்டியே கை போச்சு சார். நீங்க என்னன்னா பைசா குடுத்து வாங்குறீங்க. அஜீப் ஆசை, விசித்திரம்தான் போங்க!"

வேலை முடிந்து அவர் போன பிறகு பேய்மழை பிடித்தது. புல்லெல்லாம் ரோட்டுக்கு வழுக்கிவிடுமே என்று கதவைத் திறந்தேன். சரிவில் அவர் மண்டியிட்டு, பத்தைகள் நழுவாதபடி அவற்றினூடே மூங்கில் குச்சிகளை மண்ணில் அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கூப்பிடவே இல்லையே!"

"இன்னும் வேர் புடிக்கல சார். நீங்க நனையாதீங்க, உள்ள போங்க."

சொல்லிவிட்டு, ஓடுகிற தண்ணீரிலேயே கன்னத்தை வைத்துப் படுத்து மட்டம் பார்த்தார். விசித்திரமான ஆசை எங்கள் இருவரில் யாருக்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை.