பெரியவர் மகனும் கறுப்பு ஆறும்

சல்கின் என்ற பேரை நான் முதலில் கேட்டது எங்கள் சின்னம்மா வாயிலிருந்து. இந்தச் சின்னம்மா என் அம்மாவின் கூடப்பிறந்தவள் அல்ல, அம்மாவின் பெரியப்பா மகள், நாரின் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஓர் இலையுதிர் காலத்தில் தேநீர் குடிக்க வந்தவள், கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "தெமிர்கானோட ரெண்டாவது பையன் இருக்கானே, அந்த இருமல்காரன், அவனுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சுடி. அத்பாஷியில குதிரைப்பால் கறக்கறவ. பேரு சல்கின். கையைப் பிடிச்சுப் பாத்தேன், இடுக்கி மாதிரி இருக்கு."

சல்கின் என்றால் எங்கள் பேச்சில் குளிர்காற்று. "இருமறவனுக்குக் குளிர்காற்றையா கட்டிவெக்கறாங்க?" என்று என் அம்மா சிரித்தாள்.

தெமிர்கானுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஷேர்காஸி அப்பனை உரித்து வைத்தவன், தோள் அகலம், குரல் கனம். இளையவன் குபாத் சுரங்கத்தில் வேலைபார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவன். டிவி ரிப்பேர் பார்ப்பான். கிழவர் கண்மூடும்போது எங்கள் ஊர் கொச்கோர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கண்டெய்னரை விட்டுப் போனார். கூட்டுப்பண்ணை நாளில் கம்பளி அடைத்த இரும்புப் பெட்டி அது. பண்ணை போயிற்று, கம்பளியும் போயிற்று. மூத்தவன் பேரில் இருந்த அதைத் தம்பி கேட்டான், அண்ணன் விட்டுக்கொடுத்தான். குபாத் உள்ளே இரண்டு டிவி வைத்து வீடியோ கேம் கடை போட்டான். மணிக்கு இவ்வளவு என்று காசு. எதிரில் உப்புத் தயிர் உருண்டை விற்றுக்கொண்டிருந்தவள் நான். அவர்கள் கதவு திறந்திருந்தால் எனக்கு உள்ளே எல்லாம் தெரியும்.

முதலில் வந்த கேசட்டில் ஒரு தாடிக்காரன். குட்டையாய், தடியாய், கையில் இரும்புக் கதாயுதம். வலப்பக்கமே போவான், எதிரே வந்ததை அடிப்பான், மலையானாலும் பள்ளமானாலும் ஒரே தாவு. கிழவர் தெமிர்கான் சந்தையில் நடந்ததும் அப்படித்தான் என்பதால் பையன்கள் அவனுக்குத் தெமிர்கான் என்றே பேர் வைத்துவிட்டார்கள். சல்கினுக்கு வந்தது சங்கடம். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்ல மாட்டாள், கணவனின் அண்ணனான மூத்தார் பேரையும் சொல்ல மாட்டாள். காசு வாங்கும்போது, "யாருக்குப்பா பெரியவர் போடணும்?" என்றுதான் கேட்பாள். கடைத்தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இரண்டு வருஷத்தில் பெரியவரைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும் அளவுக்கு எல்லாரும் தேறிவிட்டார்கள். அவர்களில் முதல் ஆள் வேன் டிரைவர் மக்சத். ஒரு கையில் ரொட்டியைத் தின்றுகொண்டே முடிப்பான். முடித்தபின் என்ன இருக்கிறது? கூட்டம் தபால் ஆபீஸ் பக்கம் புதிதாய்த் திறந்த கடைக்கு நகர்ந்தது. குபாத் தலைநகர் பிஷ்கெக் போய் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தான்.

போட்டுப் பார்த்தால், வேறு ஆள். ஒல்லி. தாடி இல்லை. கதாயுதம் இல்லை, கையில் ஒரு குச்சி. சல்கின் எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு பெரியவர் மகன்" என்றாள். கேசட் மேலிருந்த எழுத்து எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் அவள் சொன்னதே நிலைத்தது. வீரக்கதை பாடுகிற எங்கள் பாட்டுக்காரர்களும் அப்பன் கதையை முடித்தால் மகன் கதையைத்தான் எடுப்பார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒருமுறை திரும்பி, மூலையில் கம்பியை உருக்கிக்கொண்டிருந்த குபாத்தைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்றான் மக்சத். "அப்பன் ஒரே தாவுல மலையைத் தாண்டுவான். இவன் தாவறது, முட்டிவலிக்காரக் கெழவி வேலி தாண்டற மாதிரி இருக்கு."

எனக்குப் பக்கத்தில் காடி ஊற்றிய நூடுல்ஸ் விற்கும் யாகா, சீனப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய துங்கான் இனத்துப் பெண், மத்தியான வியாபாரம் முடிந்ததும் வந்து ஆடுவாள். அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. "மொத ஆட்டம் கஞ்சி, நீ மெல்லாம முழுங்கின. இது எலும்போட இருக்கற கறிடா. பல்லு இருக்கறவன் திம்பான்."

"இருட்டுதுக்கா இதுல! நடந்துகிட்டே இருக்கேன், பொழுது சாயுது, ஒண்ணும் தெரியல. காசு கொடுத்து இருட்டைப் பாக்கணுமா? அதுக்குத்தான் வீட்டுல கரண்ட் இல்லையே!"

"உனக்குப் பாதையில ஆணியடிச்சு விளக்கு மாட்டித் தரணுமா, மாப்பிள்ளே?"

பாதிப்பேர் மக்சத் பக்கம், பாதிப்பேர் யாகா பக்கம். ஆனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே இடத்தில் மாட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு கறுப்பு ஆறு குறுக்கே ஓடும். மகன் தாவினால் நடு ஆற்றில் விழுந்து சாவான். ஓடிவந்து தாவினாலும் சாவான். ஒரு மாசம் எல்லாரும் தாவினார்கள், எல்லாரும் செத்தார்கள். கடைசியில் மக்சத் ரொட்டியைக் கையில் எடுத்துச் சத்தியம் செய்தான்: "இதுக்கு முடிவே கிடையாது. எவனோ பாதியை வெட்டிட்டு வித்திருக்கான். குபாத்தண்ணன் ஏமாந்துட்டாரு." அதன்பின் யாகாவின் ஆட்களும் வரவில்லை. இரண்டு டிவியும் சும்மா கிடந்தன.

ஷேர்காஸி வந்தான். மூத்தார் வந்ததும் சல்கின் எழுந்து நின்றாள்.

"நூரூஸ் வரைக்கும் பாப்பேன்," என்றான், வசந்தத்தில் வரும் எங்கள் புது வருஷத்தைச் சொல்லி. "அதுக்கப்புறம் இங்க வோட்கா வெக்கப் போறேன். அது என்னிக்கும் முடியாத சரக்கு, குடிக்கறவனும் ஓயமாட்டான். முடிவே இல்லாத ஆட்டத்தை வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கான், இவன் ஒரு வியாபாரி!"

குபாத் இருமினான். கண்டெய்னர் போனால் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவன் செய்ய வேறு வேலை இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வோட்காக் கடையில் அவனை உட்கார வைத்தால் எத்தனை நாள் தாங்குவான் என்பதும் தெரியும்.

"முடிவு இருக்கு மாமா," என்றாள் சல்கின். "நூரூஸுக்குள்ள நான் காட்டறேன். காட்டலைன்னா சாவியை நானே கொண்டாந்து தந்துடறேன்."

வாசலில் நின்ற மக்சத் சிரித்துவிட்டான். "நீயாக்கா? நீ என்னிக்கு ஆடின?"

"நான் குதிரை கறந்தவடா. அது உதைக்கும். இது உதைக்காது."

மறுநாள் காலையிலிருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, கடை திறக்கும் முன்பே உட்கார ஆரம்பித்தாள். அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் ஆட்டம் எல்லாவற்றையும் மறந்துவிடும், முதலிலிருந்து நடக்க வேண்டும். நாலைந்து முறை அப்படி ஆனபின் குபாத் ஒரு பழைய டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து, கையில் தூக்கும் சின்ன டிவியை அதில் மாட்டிக் கொடுத்தான். அவள் கட்டைவிரல் கொப்புளித்தது. கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டாள். விழுந்தாள். எழுந்தாள். திரும்ப விழுந்தாள். நான் பார்த்த ஒருநாளும் கையிலிருந்த பொத்தான் பெட்டியை வீசி எறியவில்லை.

"ஏண்டி," என்று நான் ஒருநாள் கேட்டேன், "அந்த மக்சத்தே தோத்தான். உனக்கு எதுக்கு?"

"அவன் ஆட்டத்தோட சண்டை போடறான் அக்கா. இவனும் அப்பன் மாதிரி தாவணுமாம். இவன் தாவமாட்டான். மெதுவாத்தான் போவான், ஆனா போவான். அப்படி ஒருத்தரோட குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா?"

"கேக்குது," என்றான் குபாத், தலை தூக்காமல்.

"கேக்கணும்னுதான் சொன்னேன்."

ஆனால் ஆற்றங்கரைக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேரக் கற்றாளே தவிர, ஆற்றைத் தாண்ட அவளுக்கும் தெரியவில்லை. நூரூஸுக்கு முந்திய நாள் வந்துவிட்டது. அவள் தோற்பதைப் பார்க்கவென்றே கூட்டம். தபால் ஆபீஸ் கடையிலிருந்தும் வந்திருந்தார்கள். யாகா சட்டியை மூடிவிட்டு வந்தாள், நானும் என் தயிர் உருண்டைகளைத் துணிபோட்டு மூடிவிட்டுப் போனேன். மத்தியான வாக்கில் சல்கின் கரைக்கு வந்தாள். மகன் தண்ணீர் ஓரத்தில் நின்றான்.

அந்த நேரம் பார்த்து ஷேர்காஸி உள்ளே வந்தான்.

சல்கின் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மூத்தாருக்கு முதுகு காட்டக் கூடாது. டிவிக்கு முதுகைக் காட்டி, அவனைப் பார்த்து நின்று, தலை தாழ்த்தினாள்.

"ஐயோ, ஆட்டம் ஓடுதுக்கா! உக்காரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவள் உட்காரவில்லை.

ஷேர்காஸி கூட்டத்தைக் கண்டதும் பேச ஆரம்பித்தான். அவன் பேச ஆரம்பித்தால் நிலக்கரி லாரி மேடேறுகிற மாதிரி, நடுவில் நிற்காது. அப்பா எப்படிச் சம்பாதித்தார், இந்தப் பெட்டியை எப்படிக் கொண்டுவந்தார், அடுத்த கடைக்காரன் வோட்கா விற்று மகனுக்குக் கல்யாணம் பண்ணியது, நிலக்கரி விலை, தம்பியின் நெஞ்சு. "சரி மாமா," என்றாள் சல்கின். "ஆமா மாமா." அவன் போய்க்கொண்டே இருந்தான்.

அவளுக்குப் பின்னால் டிவியில் பொழுது சாய்ந்தது. இருட்டியது. கரையில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், அதை யாரும் பொருட்படுத்தியதே இல்லை. ஓநாய்கள் வந்தன. நெருப்புப் பக்கத்தில் நின்றவனைத் தொடாமல் திரும்பிப் போயின. மகன் அப்படியே நின்றான். இருட்டு மெல்ல வெளுத்தது.

"தண்ணி வத்துது!" என்று யாகா கூவினாள். "டேய், தண்ணி வத்துதுடா!"

ஷேர்காஸி நிறுத்தினான். ஆறு இறங்கியிருந்தது. நடுவில் கல் கல்லாய் ஒரு வழி தெரிந்தது.

"விடியக்காலையில வத்தும்," என்றான் மக்சத், செத்த குரலில். "ஆறு விடியக்காலையிலதானே வத்தும்..."

எங்கள் மலையில் அது தெரியாத ஆள் உண்டா? பகல் வெயிலில் பனி உருகி, சாயங்காலம் ஆறு குதிரையையே இழுத்துக்கொண்டு போகும். விடியலில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து கடக்கலாம். அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஆடு மேய்த்தவர்கள், இல்லையென்றால் மேய்த்தவர்களின் பிள்ளைகள். ஆனால் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தவன் எவன் விடியும்வரை சும்மா நிற்பான்?

டிவியில் வெயில் ஏறத் தொடங்கியது. தண்ணீர் முதல் கல்லை நக்கியது. சல்கின் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

"என்ன நிக்கறே? உக்காரு! ஆறு ஏறுது!" என்றான் ஷேர்காஸி.

"நீங்க உக்காருங்க மாமா."

அவன் பக்கத்திலிருந்த பையனைத் தள்ளிவிட்டுப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். கடைசிக் கல் முழுகும்போது மகன் அக்கரையில் இருந்தான். அந்த இரும்புப் பெட்டிக்குள் எழுந்த சத்தத்தில் பேருந்து நிலையத்து நாய்கள் எல்லாம் குரைத்தன.

அக்கரை யாரும் பார்த்திராத ஊர். அவளும் முதல்முறைதான் நடக்கிறாள். ஆனால் இப்போது எல்லாருக்கும் கண் இருந்தது: "மேல பாருக்கா", "அவசரப்படாதே", "அது பாலம் இல்ல, பாம்பு." எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் ஷேர்காஸி. சாயங்காலம் படம் சுருங்க ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. மக்சத் எழுந்து போனான். தோற்றுவிட்டு ஓடுகிறான் என்று யாகா கேலி செய்தாள். அவன் தன் வேன் பேட்டரியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தான்.

"ஆட்டம் மோசம்தான்," என்றான். "ஆனா பாதியில அணையக் கூடாது."

பழையதைக் கழற்றாமலே குபாத் புதியதைச் சேர்த்துக் கட்டினான். படம் ஒருமுறை நடுங்கி, நிமிர்ந்தது.

கடைசியில் மகன் ஒரு கதவைத் திறந்தான். உள்ளே ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கீழே இரண்டு வரி எழுத்து வந்தது, அதை யாரால் படிக்க முடியும்? அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

ஷேர்காஸி டிவி அருகே குனிந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டான்: "அது அப்பாதானே?"

"அவரு மருமகளைக் கேளு," என்றான் குபாத்.

"நான் பேரு சொல்லமாட்டேன்," என்றாள் சல்கின்.

ஷேர்காஸி சிரித்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கோட்டுப் பையிலிருந்து தன்னிடமிருந்த கண்டெய்னரின் இன்னொரு சாவியை எடுத்து டிவி மேல் வைத்தான், தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மக்சத் மட்டும் அடங்கவில்லை. "இதைப் பாக்கத்தானா இவ்ளோ தூரம் நடந்தான்? மொத ஆட்டம்தான் ஆட்டம்."

"ஆத்தங்கரையில நிக்கத் தெரியாதவனெல்லாம் பேச வந்துட்டான்," என்றாள் யாகா.

நூரூஸ் கழிந்த மறுநாளே கடை நிரம்பியது. நல்ல ஆட்டம் என்பவர்கள் கடைசி வரை போய்ப் பார்க்க வந்தார்கள், மோசம் என்பவர்கள் மோசம் என்று காட்ட வந்தார்கள். பெரியவர் ஓடிய காலத்தில் எல்லாருக்கும் ஒரே கருத்து, அதனால் பேச ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஆடுகிறவன் ஒருவன் என்றால் வாதாடுகிறவர்கள் பத்துப் பேர். சல்கின் ஒரு வழக்கம் வைத்தாள்: கரையில் விடியலுக்குக் காத்து நிற்கிற நேரத்துக்குக் காசு கிடையாது.

குபாத் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தான், போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் கண்ணை மூடினான். யாகா டோக்மோக்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். மக்சத்துக்குத் தாடி நரைத்துவிட்டது. பிஷ்கெக்கிலிருந்து மீசை வைத்த ஆம்பிளைகள் பழைய ஆட்டம் ஆட என்றே வருகிறார்கள், அவர்களிடமும் அவன் இரண்டாம் பாகம் குப்பை என்றுதான் சொல்கிறான், சொல்லிவிட்டு அதையே போடச் சொல்கிறான்.

சல்கின் கொச்கோர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அதே கண்டெய்னரில்தான் இருக்கிறாள். காலை பத்து மணிக்குக் கதவைத் திறக்கிறாள்.