பன்னிரண்டாம் எண்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ர எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் பார்ப்பாள் என்று தெரிந்தால் எனக்கு எழுத வராது.

இந்த நோட்டு என் கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் ஊர் மைதானத்தில் மிலிட்டரிக்காரருக்கு ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். அவரோடு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்த ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும், பலகை திறக்கும் அன்று வாசிக்க வேண்டும் என்று பேச்சு. நோட்டு கை மாறிக் கை மாறி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் மட்டும் பாக்கி. தினமும் ஷிப்ட் முடிந்து வந்து உட்காருவேன். இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து தெருமுனை வரை போய்த் திரும்புவேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். கிழித்துக் கிழித்து நோட்டே இளைத்துவிட்டது.

பலகையில் எழுத வேண்டிய வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'வெள்ளத்தில் சிக்கிய மக்களை மீட்கும்போது காலில் காயம்பட்டு மறைந்தார்.' நாளை காலை பெயிண்டர் வருகிறார். அந்த வரி சரியில்லை. அவரோடு வேலை செய்தவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையே ஒரு கூத்து. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறேன். என் வீடு மைதானத்துக்கு எதிரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் மைதானத்தில் ஒரே சத்தம். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று பத்துப் பதினைந்து பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் கேட்டே விடுவது என்று லுங்கியோடு போனேன். போய் நின்றதும் எனக்கு வாய் வரவில்லை. எப்போதுமே அப்படித்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, நிக்கிற? லைன்ல வா. பன்னெண்டு நீ."

"இல்ல சார், நான் வந்து..."

"வந்துட்டதான? அப்புறம் இன்னா?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். தூங்க விடுங்கள் என்று சொல்லப் போனவன், ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை தூங்கவில்லை.

மலையில் நடந்த சண்டையில் இருந்தவர் அவர். இடது காலில் விரல் ஒன்றுகூடக் கிடையாது. பனியில் போனது. கேன்வாஸ் ஷூவின் முன்பக்கத்தில் பழைய சாக்ஸைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொள்வார். மற்ற நாளில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆபீசர். ஞாயிறு மட்டும் எங்களுக்கு. போலீஸ், பட்டாளம் என்று ஆள் எடுப்புக்குப் போகிற பையன்களை ஓடவிடுவார். ஓட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் வேலை. ஏரிக்கு வரும் கால்வாயில் சீமைக்கருவேலம் வெட்டுவோம். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கழுவுவோம். கம்பெனியில் யாருக்காவது அடிபட்டால் ரத்தம் கொடுக்கப் போவோம். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பையனும் காலனிப் பையனும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவர் கூட்டத்தில் பெயர் கிடையாது. எண்தான். வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் வரிசையில் நின்று அவரவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து எண்காரர் 'ஏழு டூட்டி' என்று சொல்லுவார். நடுவில் கிளம்புகிறவர் தன் எண்ணைச் சொல்லி, போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு பையன் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனதற்கு மூன்று வாரம் அவனோடு பேசவில்லை.

எனக்கு அந்த ஒரு சொல் வெளியே வராது. வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும். பதினோராம் எண், என்னோடு அதே மில்லில் வேலை செய்கிறவன். அவன் ஒரே மூச்சில் 'பதினொண்ணு, பன்னெண்டு' என்று இரண்டையும் சொல்லிவிடுவான்.

"இவனுக்கு நான்தான் சார் ஸ்பீக்கரு" என்று சிரிப்பான்.

"பேட்டரி போட்டவன் எவன்யா?" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதோடு விட்டுவிடுவார். வேலை முடிவிலும் பல நாள் நான் சொல்லாமல் நழுவியிருக்கிறேன். பதினொன்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான். அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருமுறை மைதானத்துக்கு வேலி கேட்டு மனு கொடுக்க, திங்கட்கிழமை அவரோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பேச ஆள் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடமாட்டார். பேசாத ஆள் வேண்டும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது பெரியபாளையத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. அப்போது சொன்னார். நான் கேட்கவில்லை.

"மலைல இருந்து எறங்கினு வரோம் நைனா. எண்ணிப் பாத்தா ஒரு ஆள் கம்மி. பின்னாடி வந்துகினு இருப்பான், நடன்னுட்டாங்க. நானும் நடந்தேன். அவன் நம்பர் எனக்குப் பக்கத்து நம்பரு."

"கெடச்சாரா சார்?"

"மறுநாள் கெடச்சான். உக்காந்தபடியே இருந்தான்."

பஸ் கிளம்பும் முன், வெள்ளரிப்பிஞ்சு விற்றவளைக் கூப்பிட்டு இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

போன கார்த்திகை மழையில் ஏரிக்கரை உடைந்து தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட்களைத் தூக்கி டிராக்டரில் ஏற்றினோம். டிராக்டர் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும். பதினொன்று அன்று ஷிப்டில் மாட்டிக்கொண்டான். மத்தியானத்துக்கு மேல் மகள் போன் செய்தாள். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது என்று அழுதாள்.

நான் கிளம்ப வேண்டும். பன்னெண்டு, ஊட்டுக்குப் போறேன் என்று ஒரு வார்த்தை. அவர் தெருவின் அந்தக் கோடியில் ஒரு கிழவரை முதுகில் சுமந்து வந்துகொண்டிருந்தார். அவ்வளவு பேர் நடுவில், அவ்வளவு தூரத்துக்குக் கத்த வேண்டும். அதுவும் என் வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்று. வெட்கமாக இருந்தது. எப்போதும் போல நழுவிவிட்டேன்.

வீட்டில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அரிசியையும் மகளுடைய புத்தகங்களையும் பரணில் ஏற்றினோம். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். "இன்னாய்யா, கால்ல சக்கரமா? போறதுன்னா போ" என்று மனைவி சத்தம் போட்டாள். திரும்பிப் போனேன்.

பொழுது சாயும் நேரம். டிராக்டரைக் காணோம். ஆட்களையும் காணோம். பின்னால் எனக்குத் தெரிந்தது இது. வேலை முடிந்து எண்ணியிருக்கிறார்கள். பத்தாம் எண் 'பதினொண்ணு டூட்டி' என்று சொல்லியிருக்கிறான். பன்னிரண்டுக்குப் பதில் இல்லை. 'அவரும் டூட்டியா இருக்கும் சார்' என்று யாரோ சொல்ல, எல்லோரும் டிராக்டரில் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும், இன்னும் இரண்டு வீடு பார்க்க வேண்டும், நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆள் குறைகிறது என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் மறுபடி தண்ணீரில் இறங்கியிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நான் பார்த்தது இது. ஏரிக்கரை ஓரம் கருவேல முள்ளுக்குள் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மூங்கில் கழி. அதைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவித் துழாவிப் பார்க்கிறார். நிமிர்ந்து, "பன்னெண்டு! யோவ் பன்னெண்டு!" என்று கத்துகிறார். மறுபடி குனிந்து துழாவுகிறார்.

நான் கரைமேல் நிற்கிறேன். இருபது அடி தூரம்கூட இருக்காது. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

இங்கேதான் ஒவ்வொரு முறையும் தாளைக் கிழித்தேன். இந்த முறை எழுதிவிடுகிறேன். நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டில் அரிசி ஏற்றிக்கொண்டிருந்தவனை இவர் தண்ணீருக்குள் தேடுகிறாரே என்று வெட்கம். நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பீடி பாதி கரையும் நேரம் இருக்கலாம். அந்த நேரத்தில் அவர் இன்னும் உள்ளே, முள் அடர்ந்த இடத்துக்குப் போனார். அங்கே ஒருமுறை கால் இடறிச் சாய்ந்து, கழியை ஊன்றி எழுந்தார். மறுபடி "பன்னெண்டு" என்றார். குரல் கம்மியிருந்தது.

அப்போதுதான் சொன்னேன். "பன்னெண்டு."

ஒன்பது வருடத்தில் நான் சத்தமாகச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

திரும்பிப் பார்த்தார். "எங்கய்யா போன?"

"ஊட்ல தண்ணி சார்."

"சொல்லினு போறதுக்கு இன்னாய்யா கேடு?" என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு சிரித்தார். "சரி, ஆள் சரியாப் போச்சு. வா, டீ அடிக்கலாம்."

டீக்கடைத் தரையில் அவர் நின்ற இடம் சிவப்பாக இருந்தது. கடைக்காரர்தான் பார்த்துச் சொன்னார். விரல் போன அந்த இடது காலில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. ஷூவைக் கிழித்துக்கொண்டு ஏதோ தகரம் உள்ளே போயிருந்தது. "எங்கயோ குத்திக்கிச்சு" என்றார். மறுநாள் பையன்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. புண் ஆறவில்லை. கணுக்காலுக்கு மேல் எடுத்தார்கள். மூன்று மாதம் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைப்போம். அவர் கட்டிலிலிருந்து கேட்பார். 'பதினொண்ணு, பன்னெண்டு' என்று பதினொன்று எப்போதும் போல எனக்கும் சேர்த்துச் சொல்லுவான். போனில் ஒரு சத்தமும் வராது. பார்க்கப் போனபோதும் கூட்டத்தோடு போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மாசியில் போய்விட்டார்.

அதிலிருந்து மில்லில் கம்பிக்கட்டு வெளியே வரும்போது என்னையறியாமல் எண்ணுகிறேன். பன்னிரண்டில் நின்றுவிடுகிறது. மறுபடி ஒன்றிலிருந்து. ஒருநாள் சூப்பர்வைசர், "இன்னாய்யா பேஜாரு பண்ற, பூந்தியா எண்ற?" என்று கத்தினார்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி, அதாவது அவருடைய மனைவி, குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கரைமேல் நின்றதையும் சொன்னேன். கை துலக்குவதை நிறுத்தவில்லை. கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இத்தினி நாளா இன்னா பண்ணினு இருந்த?"

"வாய் வரல அண்ணி."

"மூணு மாசம் படுத்துனு இருந்தாரே மனுசன். அப்பக்கூடவா வரல?"

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினேன்.

"அன்னிக்கி ஊட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? எல்லாரும் வந்துட்டாங்கன்னாரு. அவ்ளோதான். எப்புடி வந்தாங்கன்னு சொல்லல."

"உங்களுக்குக் கோவம் இருக்கும்."

"இருக்குது. இல்லாம? அதுக்கோசரம் இன்னா செய்யச் சொல்ற? போர்டுல தப்பா எழுதினா அவருக்கு ஆவாது. நீயே சொல்லிடு பசங்க கிட்ட." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போ. இன்னிக்கி டீ போடல."

அந்த வீட்டுக்குப் போய் நான் டீ குடிக்காமல் திரும்பியது அன்றுதான்.

பையன்களே, பலகையில் அந்த வரியை மாற்றுங்கள். 'வெள்ளத்தில், சொல்லாமல் போன ஒருவனைத் தேடும்போது காயம்பட்டு மறைந்தார்' என்று போடுங்கள். அவன் யார் என்று போட வேண்டுமானாலும் போடுங்கள். எனக்கு மறுப்பு இல்லை. இதைப் படித்த பிறகு வரிசையில் என்னை நிற்கவிடுவீர்களா என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலை பெயிண்டர் வருவதற்குள் இந்த நோட்டோடு மைதானத்தில் இருப்பேன். இந்தப் பக்கத்தைப் பதினொன்று எனக்காக வாசிக்க வேண்டாம். மத்தியானத்திலிருந்து மூன்று முறை வாசித்துப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டு இடத்தில் குரல் நிற்கிறது. நின்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி 14, சனிக்கிழமை.