மாயேபூரில் வழுக்குமரம் ஏறியவர்

கல்யாணமாகிச் சில மாதங்களில்தான் எங்கள் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிற மாயேபூருக்கு நான் முதன்முதலாகப் போனேன். அதுவரை கடலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நான் பிறந்தது மோகாவில். மழையும் குளிருமாக இருக்கிற மலைப்பக்கத்து ஊர். வாழ்க்கைப்பட்டது தீவின் தெற்கே சுரினாம் என்கிற கிராமத்தில். அங்கிருந்து கடற்கரை நடந்துபோகிற தூரம்தான். ஆனால் புதிதாக வந்த மருமகளுக்கு வீடு, மாட்டுக்கொட்டகை, கரும்புத் தோட்டம் இவற்றைத் தாண்டிப் போக ஏது நேரம்? கரும்பு வெட்டுகிற மாதங்களில் வீட்டில் பேச்சே இருக்காது. வருவோம், சாப்பிடுவோம், படுத்துவிடுவோம்.

என் கணவர் அந்த மாதங்களில் மட்டுமல்ல, எந்த மாதத்திலும் பேசாதவர். அப்பா விட்டுப்போன கொஞ்ச நிலத்தில் கரும்பு போட்டு ஆலைக்கு அனுப்புகிற சின்னத் தோட்டக்காரர். வண்டி மாடுகளிடம் பேசியதில் பாதிகூட என்னிடம் பேசியதில்லை. கோபமோ வெறுப்போ கிடையாது, பழக்கமில்லை, அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அத்தை பேசிவிடுவார். அத்தை என்றால் என் மாமியார். அவர் குரல் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும்.

ஆலை நின்று, புது வருஷமும் பிறந்தது. எங்கள் தீவில் அதுதான் கோடை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் அத்தை திடீரென்று சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை மாயேபூர்ல படகுப் பந்தயமாம். ஊரே போவுது. நாமளும் போவோம். இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்ததிலேருந்து சாணியத் தவிர என்னத்தப் பார்த்தா?"

என் கணவர் தலையாட்டினார். அதுதான் அவர் சம்மதம்.

விடிந்ததும் புளிச்சோறு கிளறித் தேங்காய்ச் சட்னியோடு தூக்கில் அடைத்துக்கொண்டேன். பக்கத்து ஊரான சுய்யாக்கில் ரயிலேறி ரோஸ் பெல்லில் வண்டி மாற வேண்டும். மாறிய வண்டியில் நிற்கவே இடமில்லை. தொப்பி வைத்த துரைகளும், பூப்போட்ட கவுன் போட்ட, ஆப்பிரிக்க வழியில் வந்த கிரியோல் பெண்களும், எங்களைப் போல முக்காடும் சேலையுமாக வந்தவர்களும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

மாயேபூரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது அதன் தெருக்கள். மோகாவில் பாதை மலை போகிற போக்கில் வளையும். சுரினாமில் மாடு போகிற போக்கில் வளையும். இங்கே கயிறு பிடித்து இழுத்ததுபோல நேராக ஓடின. ஒரு முனையில் நின்றால் மறு முனையில் கடல் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் போட்ட தெருக்களாம். சிப்பாய்கள் தங்கியிருந்த பழைய கருங்கல் கட்டடங்கள் அப்படியே நின்றன. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். எத்தனை புயல் வந்து மோதியிருக்கும், ஒரு கல்கூட அசையவில்லை. நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளியே அத்தனை வெயில் காய்ந்தும் கல் குளிர்ந்திருந்தது.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையில் ஒரு நினைவுத்தூண் இருந்தது. என் கணவர் கொஞ்சம் பள்ளிக்கூடம் போனவர். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, உதடு அசைய வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இங்க சண்டை போட்டுச் செத்தவங்களுக்கு வெச்சது. பிரெஞ்சுக்காரங்களுக்கும் இங்கிலீஷ்காரங்களுக்கும் சேர்த்து ஒரே கல்லு."

அத்தை வழியாகச் சொல்லாமல் நேராக என்னிடம் சொன்னார். "அப்படியா" என்றேன்.

முனை முழுக்கக் கூட்டம். போலீஸ் பாண்டு வாசித்தது. பாதாம் மர நிழலில் துணி விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரில் படகுகள் பாய் விரித்து நின்றன. ஒட்டுப்போட்ட பாய்களும், சிவப்பும் நீலமுமாகச் சாயம் போட்ட பாய்களும் இருந்தன. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளம்பின. படகு கவிழாமல் இருக்க ஆட்கள் எதிர்ப்பக்க விளிம்புக்கு வெளியே உடம்பை நீட்டித் தொங்கினார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தயத்துக்கு நடுவில் திடலில் வேறு விளையாட்டுகள் நடந்தன. அவற்றில் ஒன்று வழுக்குமரம். உயரமான கம்பத்தில் சவுக்காரமும் கொழுப்பும் பூசி நட்டிருந்தார்கள். உச்சியில் ஒரு வண்டிச் சக்கரத்தைப் படுக்கவாட்டில் சுழலும்படி மாட்டி, அதைச் சுற்றிப் பரிசுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாராயப் புட்டிகள், ஒரு மூட்டை அரிசி, ஒரு ஜோடி செருப்பு, பெரிய உப்புக்கண்டப் பன்றித்தொடை, மஞ்சள் பட்டுத்துண்டு ஒன்று. அந்தத் துண்டு காற்றில் விரிந்து சுருண்டு ஆடுவது அழகாக இருந்தது.

துறைமுகத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். பாதிக்கு மேல் ஒருவராலும் போக முடியவில்லை. சறுக்கி விழும்போதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரித்தது. என் கணவர் கைகட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"வெச்சிரு."

அத்தைக்குப் புரிந்தபோது அவர் கம்பத்தடியில் குனிந்து உள்ளங்கையில் மணலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்! எங்கடா போற? இறங்குடா! மானம் போவுது!" என்று அத்தை கத்தினார். அவர் இன்னும் ஏறவே ஆரம்பிக்கவில்லை.

தாவி ஏறுகிறவர்களைப்போல அவர் அவசரப்படவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்து, முழங்காலால் இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். முன்னே ஏறியவர்கள் கீழ்ப்பாதிக் கொழுப்பைத் தங்கள் சட்டையாலேயே துடைத்துவிட்டிருந்தார்கள். அதற்குத்தான் காத்திருந்திருக்கிறார். பாதியைத் தாண்டியதும் கூட்டத்தில் சத்தம் அடங்கியது. அங்கிருந்துதான் கொழுப்பு கெட்டியாக இருந்தது. ஒரு முழம் ஏறினால் அரை முழம் வழுக்கினார். சட்டைப்பையில் வைத்திருந்த மணலை அள்ளிக் கம்பத்தில் அப்பிக்கொண்டே போனார். பக்கத்தில் அத்தையின் குரல் மாறிவிட்டது.

"பிடிடா! விட்டுடாத! இன்னும் கொஞ்சந்தான்டா என் சாமி!"

உச்சியை எட்டி ஒரு கையை நீட்டினார். சக்கரம் காற்றில் சுழன்றது. நீட்டிய கைக்கு எதிரே என்ன வந்ததோ அதைப் பிடித்தார். கம்பத்தைப் பிடித்த கை நழுவ, அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே தரைக்கு வந்து சேர்ந்தார்.

கையில் பன்றித்தொடை.

கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடியது. எங்களிடம் வந்தபோது தலை முதல் கால் வரை கொழுப்பு. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு. அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ, அதைத் தூர வெய்யிடா! என் சோத்துத் தூக்குப் பக்கம் கொண்டுவராத! போ, முதல்ல போய்க் குளி."

எங்கள் வீட்டில் பன்றிக்கறி சேர்ப்பதில்லை. ஜெயித்த பொருளை வீசியெறியவும் மனமில்லை. யாரோ சலவைத்துறைக்கு வழி காட்டினார்கள். ஊருக்குள்ளேயே கூரை போட்டு, கல்லில் தொட்டிகள் கட்டி, ஓடுகிற தண்ணீரை உள்ளே விட்டிருந்தார்கள். துணி தேய்த்துத் தேய்த்துக் கல்லின் விளிம்புகள் வழவழவென்று இருந்தன. நான் சுரினாமில் ஆற்றுப் பாறையில் துவைப்பவள். துவைக்கிற பெண்களுக்கு வெயில் படக்கூடாது என்று கூரை போட்டு வைத்த ஊரை அன்றுதான் பார்த்தேன்.

பந்தய நாளானாலும் ஒரு கிரியோல் அம்மாள் அங்கே வெள்ளைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். என் கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்து எவ்வளவு தேய்த்தும் கொழுப்பு போகவில்லை. அந்த அம்மாள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு சாம்பல் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் என் காலடியில் கிடந்த பன்றித்தொடையைப் பார்த்தார்.

"ஸாம்போன்!" என்றார், கண்கள் விரிய.

"நூ பா மான்ஸே" என்றார் அத்தை. நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். இனி அவர்கள் தீவின் பொதுமொழியான கிரியோலில் பேசியதை நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்த அம்மாளின் பேரனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். துவைத்ததெல்லாம் அதற்கான துணிகள். விருந்துக்கு இதைவிட நல்லது கிடைக்காது, எனக்குக் கொடுத்துவிடுங்கள், என் புருஷன் மீன்பிடிக்கிறவர், வேண்டிய மீன் தருகிறேன் என்றார்.

"மீனா? ரயில்ல போறதுக்குள்ள நாறிப் போயிடும்" என்றார் அத்தை.

"அப்போ என்ன வேணும் மதாம்?"

அத்தை தெரு முடிகிற இடத்தைப் பார்த்தார். அங்கே கடல் மின்னிக்கொண்டிருந்தது.

"உன் புருஷன் படகுல எங்க மூணு பேரையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

என் கணவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். "அம்மா, உனக்குத் தண்ணின்னா பயமாச்சே."

"பயந்தான். எங்கம்மா ஊரை விட்டுக் கப்பலேறி அந்தத் தண்ணியில எத்தனை நாள் வந்திருக்கா. நான் இந்தத் தீவுலயே பொறந்து, கடலுக்குள்ள ஒரு காலு வெச்சதில்ல. இன்னைக்கி விட்டா எப்ப?"

பந்தயம் முடிந்து கடல் காலியானதும் மீனவர் எங்களை ஏற்றிக்கொண்டார். நரைத்த மனிதர், அதிகம் சிரிக்காதவர், ஆனால் அத்தை ஏறும்போது முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தோளைக் கொடுத்தார். அத்தை படகின் நடுவில் இரண்டு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு, முருகன் பெயரை விடாமல் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார். பாய் காற்றைப் பிடித்ததும் சத்தம் நின்றது. என்னவோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டிருந்தார். விரல்களுக்கு நடுவே தண்ணீர் கிழிந்து ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துகூடக் கரிக்கும்னு எங்கம்மா சொல்லும்" என்றார். "நெசந்தான்."

அடியில் பவளப்பாறையும் புல்லும் கண்ணாடிக்குள் இருப்பதுபோலத் தெரிந்தன. எதிரே, சிங்கம் படுத்திருக்கிற மாதிரி ஒரு மலை. வெளிறின பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்தை மீனவர் காட்டினார். அந்தச் சண்டையில் இங்கிலீஷ் கப்பல்கள் வழி தெரியாமல் அங்கேதான் தட்டி நின்றன, தப்ப முடியாமல் அதில் இருந்தவர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே கொளுத்தினார்கள் என்றார். பிறகு ஆற்றங்கரைப் பக்கத்து மரக்கூட்டத்தைக் காட்டினார். அங்கே இருக்கிற பெரிய வீட்டில்தான் அடிபட்ட இரண்டு பக்கத்துத் தலைவர்களையும் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்களாம்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரையும் ஒரே வீட்டுலயா?"

"ஒரே வீட்டுலதான் மதாம்."

"கஞ்சி வெச்சுக் குடுத்தது யாரு? புண்ணு கழுவுனது?"

மீனவர் யோசித்தார். "அது தெரியாது. அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அவங்க பேரையும் அந்தக் கல்லுல போட்டிருக்கணும்" என்றார் அத்தை. மீனவர் முதல்முறையாகச் சிரித்தார்.

என் கணவர் படகின் முனையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஈரச் சட்டை காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, மெல்லக் கேட்டேன்:

"நீங்க எதை எடுக்கப் போனீங்க?"

"பட்டுத்துண்டை."

"அது எதுக்கு?"

"நீ அதையே பார்த்துட்டு இருந்த." ஈரச் சட்டையை உதறிக்கொண்டே, "சக்கரம் சுத்திருச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அத்தை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேண்டுமென்றேதான் திருப்பிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

கரைக்கு வந்ததும் அந்த அம்மாள் எங்களை வெறுங்கையோடு விடவில்லை. மீன் வறுத்து, தக்காளிக் குழம்பும் சோறும் வைத்தார். எங்கள் புளிச்சோற்றை அவர்கள் காரம் தாங்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அத்தையும் அந்த அம்மாளும் மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததில் ஒரு ரயிலைத் தவறவிட்டோம். அதற்குப் பிறகு பல கோடைகளில் நாங்கள் பந்தயம் பார்க்கப் போனோம். போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அன்று ரோஸ் பெல்லில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுய்யாக் வண்டி வர நேரமிருந்தது. அத்தை பெஞ்சில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். நானும் என் கணவரும் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தோம். வெட்டிய கரும்பு மறுபடி துளிர்த்து, வயல்கள் இளம்பச்சையாக இருந்தன. அவர் பேசினார். சின்ன வயதில் ரயில் இஞ்சின் ஓட்ட ஆசைப்பட்டதைச் சொன்னார். அப்பா இறந்த வருஷம் வந்த புயலில் கூரை பறந்ததையும், அம்மா மாட்டுக்கு அடியில் அவரை ஒளித்துவைத்ததையும் சொன்னார். மேட்டு நிலத்தில் கல் பொறுக்கி எடுத்துவிட்டால் இன்னும் நாலு வரிசை கரும்பு போடலாம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். என்னிடம் நிலத்தைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. மோகாவில் எங்கள் அப்பா கல்லை வரப்பாக அடுக்குவார், மழைத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாது என்று சொன்னேன். எப்படி அடுக்குவார் என்று கேட்டார். நான் தரையில் குந்தி உட்கார்ந்து, ஜல்லிக்கற்களை வைத்துக் காட்டினேன். அவரும் எதிரே குந்திக்கொண்டு, ஒரு கல்லை நகர்த்தி, "இப்படியா?" என்றார்.

"வண்டி வருது!" என்று பெஞ்சிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மிச்சத்தை வீட்டுல பேசிக்கலாம், வாங்க!"