அண்ணன் அடக்கிய மூச்சு

எங்கள் ஊர் காரைக்கால்மேட்டில் வலை பாரில் சிக்கினால் இறங்குவது என் அண்ணன்தான். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் கூடும், வலையும் அங்கேதான் மாட்டும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் குதித்ததும், படகில் கயிறு பிடிப்பவரும் அவனோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொள்வார். தன்னால் இனி முடியாது என்று ஆகும்போது இழுத்துவிடுவார். எங்கள் ஆட்களுக்கு அதுதான் கடிகாரம்.

அப்படிக் குதித்துக் குதித்தே அண்ணனுக்கு இடது காது போயிற்று. வலது காதாவது மிஞ்ச வேண்டுமானால் இனி தண்ணீருக்குள் தலையை விடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு படகோட்டுவதோடு சரி.

நானோ புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டுமே! அந்தப் பாரில் பிடித்த மீனைத் தின்று வளர்ந்தவள் நான். பெண்பிள்ளை என்று ஒருநாளும் என்னைப் படகில் ஏற்றியதில்லை. கண்ணால் பார்த்தே தீருவது என்று வைராக்கியம். கடைசியில் அண்ணன்தான் ஊர் வாயை அடைத்துவிட்டு, தன் ஃபைபர் படகிலேயே என்னையும் என் பயிற்சியாளரையும் கூட்டிப்போனான்.

மாசி மாதம், தண்ணீர் தெளிந்திருந்தது. என் இடுப்பிலும் கயிறு கட்ட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். பாறையில் சிக்கிக்கொள்ளும், கூடவே கூடாது என்றார் பயிற்சியாளர். சிலிண்டரில் காற்று இருக்கிறது, வெகுநேரம் உள்ளே இருக்கலாம் என்று அவனுடைய வலது காதருகே போய் விளக்கினேன். தலையை ஆட்டினான்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் இறங்கினோம். ஆறிய வெந்நீர் மாதிரி கடல் உடம்பைச் சுற்றிக்கொண்டது. வெயிலும் காற்றும் படகும் எங்கேயோ போய்விட்டன. என் மூச்சு மட்டும் குமிழ் குமிழாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பச்சை மங்கலிலிருந்து பார் மெல்ல எழுந்து வந்தது. விசிறி விசிறியாகப் பவளம், சிவப்பும் ஊதாவுமாக. பொந்துக்குள்ளிருந்து ஒரு களவா மீன், யார் வீட்டுப் பெண் நீ என்று கேட்பதுபோல் பார்த்தது. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு எடை இல்லை, வயது இல்லை, நாளைக்கு ஆபீஸ் இல்லை. சொர்க்கம், போங்கள்! அண்ணன் கண்ணாடி இல்லாமல், எரியும் கண்ணோடு இதையெல்லாம் கலங்கலாகத்தானே பார்த்திருப்பான். ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேலே ஏறும்போது, முழுதாக வெளியே வருவதற்கு முன் கொஞ்ச நேரம் நீருக்குள்ளேயே தங்க வேண்டும். அது ஸ்கூபாவின் விதி. கயிற்றைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேல் தகதகத்த தண்ணீர் சட்டென்று உடைந்தது. அண்ணன் தலைகீழாக வந்துகொண்டிருந்தான்.

கண்ணை அகல விழித்திருந்தான். என் கன்னத்தைத் தடவினான், வாயிலிருந்த குழாயைத் தடவினான். குமிழ்கள் கையில் பட்டதும் அப்படியே நின்றான். பிறகு மேலே போய்விட்டான்.

படகில் ஏறியதும் கத்தித் தீர்த்தேன். டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா, புத்தி இருக்கிறதா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அழுகையும் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே தலையைத் துவட்டினான்.

"நீ எறங்குனதுலேர்ந்து நானும் மூச்ச அடக்கி அடக்கிப் பாத்தேன், தங்கச்சி. உசுரோட இருக்குறவங்க அவ்வளவு நேரம் வராம இருக்கமாட்டாங்க."

பிறகு, பார் எப்படி இருந்தது, சொல் என்று வலது காதை என் பக்கம் திருப்பினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். சிவப்பு விசிறிகளைச் சொன்னேன். ஊதாவைச் சொன்னேன். களவா பார்த்த பார்வையைச் சொன்னேன். அவன் கடலைப் பார்த்தபடியே காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினான்.

"சொல்லும்மா. ஏன் பேசாம இருக்க?"