கட்டன் காப்பியும் ஒரு தலைவலி மாத்திரையும்

"...மருந்துன்னு ஒண்ணுமே கொடுக்கல டாக்டரே, சத்தியமா. தலை வலிக்குன்னா அந்தத் தலைவலி மாத்திரை ஒண்ணு, அவ்வளவுதான்" என்றார் அத்தான்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். கட்டிலில் அக்கா தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் வார்டின் அந்தக் கோடிவரை கேட்டது.

அது எழுபதுகள். பிழைக்க வந்த மலையாள நாட்டில் அத்தான் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். நான் அங்கேயே சப்ளையர். வலியசாலைக்குப் பின்னால் மூன்று பேருக்கும் ஒரே அறை. அக்காவுக்கு மூக்கில் சதை வளர்ந்து, இரண்டு தடவை வெட்டி எடுத்தும் மறுபடி வளர்ந்தது. வாசனை போயே போய்விட்டது.

"உங்க அக்காளுக்குக் கருவாடும் பிச்சிப்பூவும் ஒண்ணுதான் மாப்ளே" என்பார் அத்தான்.

"அதனாலதான் உங்க பக்கத்துல படுக்க முடியுது" என்பாள் அவள்.

பிறகு இழுப்பு வந்தது. இந்த ஊர் மழை ஆகவில்லை என்றார்கள். தயிரை நிறுத்தினோம், பழத்தை நிறுத்தினோம், தலைக்குக் குளிப்பதைக்கூட நிறுத்தினோம். நிறுத்தாதது அந்த மாத்திரை ஒன்றுதான். மூக்கடைத்து அவள் நெற்றியைப் பிடித்தால் போதும், அத்தான் பால் விடாத கட்டன் காப்பியும் மாத்திரையுமாக வந்து நிற்பார். சண்டை போட்ட நாளிலும் அது தவறாது.

"மாத்திரை தின்னு எத்தர நேரத்துல இழுப்பு வரும்?" டாக்டர் தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஒரு மணிக்கூர்... அதுக்குள்ள..." என்றார் அத்தான்.

மூக்கில் சதையும் இழுப்பும் உள்ள சிலருக்கு அந்த மாத்திரை ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், இனி ஒன்று கொடுத்தால் ஆளே போய்விடலாம் என்றார் டாக்டர். "எழுதித் தரேன். எந்த டாக்டரைக் காணப் போனாலும் ஆத்தியம், முதல்ல, இதக் காட்டணும், கேட்டோ."

"எத்தனை தடவை மாப்ளே..." என்று அத்தான் என்னைப் பார்த்தார். அன்று காலையில் கொடுத்ததும் அவர்தான்.

அடுத்த ஊசிக்குப் பிறகு இழுப்பு கொஞ்சம் இறங்கியது. டாக்டர் சொன்னது எதுவும் அக்காவின் காதில் விழுந்திருக்கவில்லை. பேச்சு வந்ததும் அவள் முதலில் கேட்டது, "இங்கேருங்க, தலை பொளக்கு. ஒண்ணு தாங்களேன்."

"இல்லட்டி."

"ஒண்ணே ஒண்ணு. என்னைக்காவது இல்லன்னு சொல்லியிருக்கீகளா?"

அத்தான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவள் கேட்டு ஓயும்வரை உள்ளே வரவில்லை.